ஆர்710 + பெர்க் 6/ஐ: ராக்கி லினக்ஸ் 8 இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை

சர்வர்பித்தன்:
டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர், பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது). 2 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு 5. பூட் ஆகும்போது கன்ட்ரோல்+ஆர் அடித்து கார்டின் அமைப்புத் திரையில் பார்த்தால் விடி (விர்ச்சுவல் டிஸ்க்) ‘ஆப்டிமல்’. இதே பெட்டியில் சென்ட்ஓஎஸ் 7 நன்றாக ஓடியது. இப்போது ராக்கி 8.10 போட்டால் டிஸ்க் தேர்வுத் திரையில் யூஎஸ்பி மட்டும்தான் நிற்கிறது. கேபிள், பேக்பிளேன் எல்லாம் கழற்றி மாட்டியாச்சு. பேக்கப் இருக்கு, டேட்டா அழிந்தாலும் பரவாயில்லை.

கட்டளைவரி:
கேபிளை விடுங்க. கார்டே ஆப்டிமல்னு சொல்லும்போது வன்பொருளில் குறை தேட வேண்டாம். இன்ஸ்டாலர் திரையில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அடிச்சா ஷெல் வரும். அதில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ கொடுங்க. ரெய்டு கார்டு வரியில் 1000:0060 (கார்டின் பிசிஐ ஐடி) இருந்து, அதுக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ வரி இல்லேன்னா வியாதி அதுதான்.

ரெட் ஹேட் 8-இல் மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ் டிரைவர் இருக்கு. ஆனா அதுக்குள்ள இருந்த பழைய கார்டுகளோட பிசிஐ ஐடிகளை நீக்கிட்டாங்க. பெர்க் 6/ஐ-இல் உள்ள எல்எஸ்ஐ 1078 சிப்பும் அதில் போச்சு. ராக்கி அதன் நகல்தான், அதிலும் அதே கதை. டிரைவரைக் கையால் ஏற்ற மோட்ப்ரோப் செய்தால் பிழை வராது, டிஸ்க்கும் வராது. நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

வழி: கூடுதல் டிரைவர்கள் தரும் இஎல்ரெப்போ தளத்தில் ‘டிடி-மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ்’ என்று தொடங்கும் ஐஎஸ்ஓ இருக்கு (டிடி என்றால் டிரைவர் டிஸ்க்). சரியாக 8.10-க்கு உள்ளதையே எடுங்க, 8.6-க்கு உள்ளதைப் போட்டு வேலை செய்யலேன்னு திரும்பி வராதீங்க. இன்னொரு யூஎஸ்பியில் எழுதிச் செருகிட்டு, பூட் மெனுவில் டேப் அழுத்தி வரியின் கடைசியில் ‘இன்ஸ்ட்.டிடி’ சேர்த்து என்டர். பட்டியல் வரும்: யூஎஸ்பியோட எண், அப்புறம் டிரைவரோட எண், கடைசியில் ‘சி’.

பழைய_இரும்பு:
ராக்கிதான் வேணும்னு கட்டாயம் இல்லேன்னா அல்மாலினக்ஸ் 8.10 முயன்று பாருங்க. நீக்கின ஐடிகளைத் திரும்பச் சேர்த்திருக்காங்க, தனி டிரைவர் டிஸ்க் சுமக்க வேண்டாம்.

டிஸ்க் தெரிந்ததும் அடுத்த முட்டுக்கட்டை வரும். நாலு டிஸ்க் ரெய்டு 5-னா 6 டிபி (கார்டில் 5.45 என்று தெரியும்). பயாஸ் முறையில் 2 டிபிக்கு மேல் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை) எட்டாது. அதுக்குப் பதில் புது வகையான ஜிபிடி போட்டா, கையால் பார்ட்டிஷன் பிரிக்கிறவங்க 1 எம்ஐபி அளவில் ‘பயாஸ்பூட்’ பார்ட்டிஷன் ஒண்ணு வைக்கணும். இல்லேன்னா இன்ஸ்டாலர் நகராது.

டேட்டா போனால் போகட்டும்னு சொல்றீங்க, அப்போ விடியை அழிச்சு இரண்டா வெட்டுங்க. அதே நாலு டிஸ்க்கில் முதல் விடி 100 ஜிபி, ஃபாஸ்ட் இனிஷியலைஸ். பிறகு அந்த டிஸ்க் குரூப்பின் மேல் எஃப்2, ‘ஆட் நியூ விடி’, மீதி முழுவதும். கன்ட்ரோலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 100 ஜிபியைப் பூட் விடியாக்குங்க. ஓஎஸ்ஸைத் திரும்பப் போடும்போது டேட்டா விடியைத் தொடவே தேவையிருக்காது.

சர்வர்பித்தன்:
0060-தான், டிரைவர் வரி இல்லை. டிடி ஐஎஸ்ஓ கொடுத்ததும் இரண்டு விடியும் வந்துவிட்டன. 100 ஜிபியில் ஓஎஸ் ஏறி பூட்டும் ஆகிறது, நன்றி. கர்னல் அப்டேட் செய்தால் மறுபடி படுத்துக்குமா?

கட்டளைவரி:
இஎல்ரெப்போ ரெப்போவைச் சேர்த்து வையுங்க, கேமாட் தொகுப்பும் (அந்த டிரைவர் உள்ள தொகுப்பு) அப்டேட்டோடு வரும். புதுக் கர்னலில் எழும்பலேன்னா கிரப் மெனுவில் பழைய கர்னல் இருக்கு. அதை மட்டும் அழிச்சிடாதீங்க.