மூக்கு நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை: மதுரைப் பக்கம் எங்கே செய்கிறார்கள்?

லேப்பில் வேலை செய்பவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

என் அக்காவுக்குச் சில வாரங்களாக வலது மூக்கில் மட்டும் தண்ணீர் போல வடிகிறது. குனிந்தால் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது. அலர்ஜி மாத்திரைக்கு அடங்கவில்லை. இப்போது பார்க்கும் டாக்டர், மூளையைச் சுற்றியுள்ள தண்டுவடத் திரவம் கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு, மூக்கு நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். தண்டுவடத் திரவத்தில் இருக்கும் அந்தப் புரதம் சாதாரண சளியிலோ கண்ணீரிலோ இருக்காது. மூக்கு நீரில் தெரிந்தால் கசிவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாமாம்.

தண்டுவடத் திரவத்தில் குளுக்கோஸ் இருக்கும் என்று, பக்கத்து லேப்பில் சுகர் ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டு ‘பாசிட்டிவ்’ என்றார்கள். அதை எப்படி நம்புவது? சளியிலும் குளுக்கோஸ் வரும், அக்காவுக்குச் சர்க்கரை நோய் வேறு. இதே கசிவைக் கண்டுபிடிக்க பீட்டா டிரேஸ் புரதம் என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. ஆனால் அக்காவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) அதிகமாக இருப்பதால் அதில் குழப்பம் வரும் என்கிறார் டாக்டர்.

மதுரை, திருச்சியில் இதற்கு மாதிரி வாங்கும் லேப் உண்டா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? குனிந்து உட்கார்ந்து பிடித்தால் அரை மில்லி சேர்கிறது, போதுமா? பல தடவை பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றாகக் கொடுத்தால் ஏற்பார்களா? ஒப்பிட ரத்தமும் கேட்பார்களா?

கசிவால் மூளைக்காய்ச்சல் வருமோ என்ற பயம் இருப்பதால் தள்ளிப்போட முடியாது. கட்டணம், ரிசல்ட் வர எத்தனை நாள் என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.