களிமண் பிரிக்க சைக்ளோன் வைத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து

நெய்வேலி வட்டாரத்தில் கடலூர் மணற்கல்லோடு கிடைக்கும் வெண்களிமண்ணைக் கழுவும் சிறு கூடத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மண்ணில் மணல் நிறைய இருக்கும். வாங்குகிறவர்கள் கேட்பதோ 2 மைக்ரானுக்குக் கீழான நைசுக் களி. அந்த அளவுத் துகள் தொட்டியில் 10 செ.மீ. இறங்கவே ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். ஆகவே 10 மி.மீ. விட்டமுள்ள ஹைட்ரோசைக்ளோன்களை வரிசையாக வைத்தோம். களிக்குழம்பைச் சுழற்றி, பெரிய துகளை அடித்துவாரத்திலும் நைசானதை மேல்குழாயிலும் பிரித்துவிடும் கூம்பு அது. விட்டம் குறையக் குறையத்தான் நைசான துகள் பிரியும்.

இரண்டு வாரம் ஒன்றும் சரிவரவில்லை. மேல்குழாயில் நீர்த்த பால்போல் ஏதோ வந்தது. நல்ல களியெல்லாம் மணலோடு அடித்துவாரத்தில் போய்க்கொண்டிருந்தது. பம்ப் அழுத்தத்தை ஏற்றினோம், முனையை மாற்றினோம். கலவைத் தொட்டியை நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் மேல் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்துவிடும். களி நன்றாகப் படிகிறது என்று நான் மகிழ்ந்தேன். அதுதான் நோயின் அறிகுறி என்று அப்போது தெரியவில்லை.

கூடத்தில் இருந்த ஒரு பெரியவர் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்தார். ஒன்றில் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைநீர். இரண்டிலும் ஒரு கரண்டி களியைப் போட்டுக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தார். கிணற்றுத் தண்ணீரில் களி தயிர்போல் திரிந்து இறங்கியது. மழைநீர்ப் பாட்டில் மறுநாள் காலையிலும் வெண்மையாகக் கலங்கியே நின்றது. கடலோர உப்பு களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. அந்தத் திரட்டை சைக்ளோன் பெரிய துகளாகத்தான் பார்க்கும். களித்துகள்களை ஒட்டாமல் பிரித்துவைக்கும் மருந்தான சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டைக் கூடுதலாகப் போட்டும் பார்த்தோம். தண்ணீரிலிருந்த கால்சியமே அதைத் தின்றுவிட்டது. மழைநீருக்கு மாறிய பிறகு சிறிதளவு மருந்தே போதுமானதாக இருந்தது.

விருத்தாசலத்திலிருந்து

அண்ணா, தண்ணீர் சரியாக இருந்தும் நான் அடிபட்டிருக்கிறேன். சீக்கிரம் முடிக்கலாமென்று குழம்பைக் கெட்டியாக விட்டேன். அடித்துவாரத்தில் குடைபோல் விரிந்து தெளிக்க வேண்டியது கயிறுபோல் திரண்டு விழுந்தது. அப்படி விழுந்தால் சைக்ளோனுக்குள் சுழலின் நடுவில் நிற்கும் காற்றுத்தண்டு (காற்றுத் தூண்) அடைபட்டுவிட்டது என்று பொருள். மணல் மேலே ஏறிவிடும். இப்போதெல்லாம் துவாரத்தின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். லேசாக உள்ளே இழுத்தால் நிம்மதி.

புதுச்சேரி, வில்லியனூரிலிருந்து

ஐயா, சுடுமண் வேலைக்காகச் சிறிய அளவில் தொடங்கப்போகிறேன். எங்கள் கிணறும் உவர்தான். மழைநீர் ஆண்டு முழுக்கப் போதுமா?

கடலூர் முதுநகரிலிருந்து

போதாது தம்பி. மேல்குழாயில் வரும் களியைத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரையே திரும்பச் சுற்றுக்கு விடுங்கள். ஆனால் தெளியவைக்கச் சுண்ணாம்போ படிகாரமோ போட்டுவிடாதீர்கள். அது திரும்பிவந்து புதுக் களியையும் திரித்துவிடும். வாரம் ஒருமுறை அந்தப் பாட்டில் சோதனையைச் செய்யுங்கள்.