சாம்பல் வாலாட்டியா, மஞ்சள் வாலாட்டியா? ஜக்கூர் ஏரியில் பார்த்தது

ஏரிக்கரை நடையன்:
நேற்று காலை பெங்களூரு ஜக்கூர் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் பக்கம், கோரை ஓரமாக மிதந்த பாசி மேல் ஒரு வாலாட்டிக் குருவி நடந்துகொண்டிருந்தது. மார்பு மஞ்சள், முதுகு சாம்பல். சாம்பல் வாலாட்டி என்று எழுதி வைத்துவிட்டேன். கூட வந்த அண்ணன் மஞ்சள் வாலாட்டி என்று அடித்துச் சொல்கிறார், செயலியில் படத்தைப் போட்டால் ஒருமுறை இது, ஒருமுறை அது. எதை வைத்து முடிவு செய்வது? எங்கள் மொட்டை மாடிக்கு வரும் கறுப்பு வெள்ளையைத் தவிர எனக்கு வாலாட்டியே புதிது.

மடிவாளாக்காரன்:
மாடிக்கு வருவது வெண்புருவ வாலாட்டி, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். மஞ்சள் உள்ளவை குளிர்கால விருந்தாளிகள். மஞ்சளை விடுங்க நண்பரே, அது சாம்பல், மஞ்சள், மஞ்சள்தலை மூன்று வகைக்கும் உண்டு. காலைப் பாருங்கள். சாம்பல் வாலாட்டிக்கு மட்டும் கால் வெளிர் பழுப்பு, மற்ற இரண்டுக்கும் கறுப்பு. வாலும் ரொம்ப நீளம், மஞ்சள் வாலடியில்தான் அடர்த்தி. அப்புறம் அது கல்லும் ஓடையுமாக இருக்கும் இடத்தைத் தேடும், பாசி மேல் நடப்பது எனக்கு இடிக்கிறது.

ஏரிக்கரை நடையன்:
படத்தைப் பெரிதாக்கினேன். கால் கறுப்புதான். சிறகில் இரண்டு வெள்ளைக் கோடு, சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி. அப்போ அண்ணன் சொன்னதுதான் சரியா?

ஹெப்பாளத்து அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. வளர்ந்த மஞ்சள் வாலாட்டிக்கு முதுகில் பச்சை ஓடும், சிறகுக் கோடும் இவ்வளவு பட்டையாக இருக்காது. சாம்பல் முதுகு, பட்டையான வெள்ளைக் கோடு என்றால் எனக்கு மஞ்சள்தலை வாலாட்டி மேல்தான் சந்தேகம். ஆங்கிலத்தில் சிட்ரின் வேக்டெய்ல். கன்னத்தைப் பாருங்கள்: கண்ணுக்கு மேலே போகும் மஞ்சள் புருவம் அங்கேயே நின்றுவிடாமல் கன்னத்தைச் சுற்றி வளைந்து கீழே தொண்டையோடு சேருகிறதா? சேர்ந்தால் முடிந்தது கதை. வாலடியும் வெள்ளையாக இருக்கும். ஆனால் முதல் குளிர்காலக் குஞ்சுகளில் மஞ்சள் வாலாட்டியிலும் மஞ்சள்தலையிலும் சில மஞ்சள் இல்லாமல் சாம்பலாகத் திரியும், அதில் நானே போன வருடம் ஏமாந்தேன். அங்கேயும் அந்தக் கன்ன வளையம்தான் கைகொடுக்கும்.

ஏரிக்கரை நடையன்:
வளையம் இருக்கு அக்கா, நன்றாகவே தெரிகிறது! குறிப்பை மாற்றிவிட்டேன். இரண்டு பேருமே தப்பு என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மடிவாளாக்காரன்:
முதலில் ஒரு காபி வாங்கிக் கொடுங்க.