மூன்றாவது பிஸ்டன் போட்டதும் கிராங்க் சுற்றவில்லை, அழுத்தலாமா?

நீலப்புகை:
வணக்கம். 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஆயில் குடித்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகப் புகை தள்ளியது. எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டி, வீட்டிலேயே பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். போர் (சிலிண்டர் துளை) 75 மி.மீ., தேய்மானம் மேனுவல் அளவுக்குள்தான், அதனால் ஹோனிங் (உள்சுவரை லேசாக உரசிவிடுவது) மட்டும் போட்டேன். மேல் ரிங்கைப் போருக்குள் இறக்கி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டதில் ரிங் வாயின் இடைவெளி 0.30 மி.மீ. வந்தது. பிஸ்டன் இல்லாமல் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையாலேயே சுற்றியது.

1, 2-ஆம் பிஸ்டன்களைப் போட்டு நட்டை முறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தேன். ரிங் இழுவை மட்டும்தான். 3-க்கு டார்க் ரெஞ்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் சத்தம் தரும் ஸ்பானர்) கிளிக் ஆனதும் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. நீளமான பைப் மாட்டி அழுத்தினால் நகரும் போலிருக்கிறது. அழுத்தலாமா?

டாப்கியர்:
புது ரிங் இறுக்கமாத்தான் இருக்கும் பாஸ். ஓட ஓட இளகிடும்.

கிரீஸ்கை:
தயவுசெய்து அழுத்தாதீங்க. ரிங் இறுக்கம்னா சுற்று முழுக்க ஒரே சீரா இருக்கும், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். நட்டை முறுக்கின நொடியில மொத்தமா நிக்கிறது வேற கதை.

3-ஆம் ராடோட (பிஸ்டனைக் கிராங்கோட இணைக்கிற தண்டு) நட் இரண்டையும் தளர்த்தி, கேப்பை (கிராங்கைச் சுத்திப் பிடிக்கிற கீழ்ப்பாதி) லேசாத் தட்டி விடுங்க. இப்ப கிராங்க் சுத்தினா கோளாறு பேரிங் பக்கம். அப்பவும் சுத்தலைன்னா பிஸ்டனோ ரிங்கோ போருக்குள்ள மாட்டியிருக்கு. இன்னொண்ணு, 3-ஐ இறக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டுச்சா?

நீலப்புகை:
தளர்த்தினேன், வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. சத்தம்... ஆமாம் அண்ணே. பிஸ்டன் பாதியில் ஒருமுறை நின்றது. சுத்தியல் பிடியால் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன், "டிக்" என்று ஒரு சத்தம் வந்து உள்ளே போய்விட்டது. போனதே போதும் என்று விட்டுவிட்டேன்.

கிரீஸ்கை:
அந்த "டிக்"கை நான் நம்ப மாட்டேன். எப்படியும் 3-ஐ வெளியே எடுங்க. ராட் போல்ட் மேல ரப்பர் குழாய்த் துண்டு மாட்டிட்டு எடுங்க, இல்லைன்னா மரை கிராங்க் பின்னைக் கீறிடும்.

பழையலைனர்:
கேப் எண்களைப் பார்த்தீர்களா தம்பி? நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் 1-ம் 4-ம் ஒரே உயரத்தில் நிற்கும், 2-ம் 3-ம் ஒரே உயரத்தில் நிற்கும். கழற்றும்போது 2, 3 இரண்டு கேப்பும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் முடிந்தது. நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

ராடையும் அதன் கேப்பையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் அந்தத் துளையைக் கடைகிறார்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் ஜோடி மாறினால் துளை வட்டமாக நிற்காது. ஒன்று இறுகும், இன்னொன்று ஒன்றும் தெரியாமல் சுற்றும். அதனால் 2 நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பூட்டிய பிறகு, ராடும் கேப்பும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரித் தட்டக் கூடாது. ஷெல் (ராடுக்குள்ளும் கேப்புக்குள்ளும் உட்காரும் அரைவட்ட பேரிங் தகடு) இரண்டின் நாக்கும் ஒரே பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், கேப் திரும்பிப் போயிருந்தாலும் இதே கூத்துதான்.

நீலப்புகை:
அண்ணே, இரண்டு பேருமே சரி.

ராடின் பக்கவாட்டில் படிந்திருந்த கருப்பை தின்னர் போட்டுத் துடைத்த பிறகுதான் எண்ணே தெரிந்தது. 2-ஆம் ராடில் 3-ஆம் கேப், 3-இல் 2. நகம் இரண்டிலும் தட்டியது. 3-ஆம் ஷெல்லில், சேரும் கோட்டுக்கு ஒட்டினாற்போல இரண்டு ஓரமும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. நடுவில் சாம்பல் நிறம் மாறவே இல்லை.

பிஸ்டனை எடுத்தால் இரண்டாவது ரிங்கின் வாயில் அரிசி அளவுக்கு ஒரு துண்டைக் காணோம்! தேடியதில் ரிங் பள்ளத்திலேயே கிடைத்தது. போர் சுவரில் நகம் எங்கும் மாட்டவில்லை.

பழையலைனர்:
தப்பித்தீர்கள். அப்படியே ஓட்டியிருந்தால் அந்தத் துண்டு போரை உழுதிருக்கும். 2, 3 இரண்டுக்கும் புது ஷெல் போடுங்கள். ராட் போல்ட் கோணக் கணக்கில் முறுக்கும் வகையென்றால் அதுவும் புதிது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்து பேரிங் இடைவெளி பார்த்துவிட்டு மூடுங்கள்.

கிரீஸ்கை:
கம்ப்ரஸர் பட்டை (ரிங்கை அமுக்கிப் பிடிக்கிற வளையம்) பிளாக் முகத்தோட ஒட்டி உட்காரலை, அந்த இடுக்குல ரிங் விரிஞ்சு வெளியே எட்டிப் பார்த்திருக்கு. அதான் பாதியில நின்னுச்சு. வார்ப்பிரும்பு ரிங், வளையாது, பட்டுனு உடையும். இந்தத் தடவை பட்டையோட விளிம்பைச் சுத்தித் தட்டி உட்கார வச்சு, ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இறக்குங்க. நின்னா நிறுத்துங்க, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிங்க. ஆயில் ரிங்குல நடு ஸ்பிரிங்கோட முனை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நேருக்கு நேர் முட்டுதான்னும் பாருங்க.

நீலப்புகை:
ரிங் செட்டும் ஷெல்லும் வாங்கிவிட்டேன். 2-ஐக் கேப் மாற்றிப் பூட்டியதில் நகம் தட்டவில்லை, கிராங்க் சுற்றுகிறது. 3 உள்ளே போய்விட்டது, இம்முறை சத்தமில்லை. 4-ஐ நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், கை நடுங்குகிறது.

டாப்கியர்:
நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் பாஸ். பிஸ்டன் தலையில இருக்கிற அம்புக்குறி டைமிங் பக்கம் பார்த்துத்தானே இருக்கு?

நீலப்புகை:
மூன்றிலும் பார்த்துவிட்டேன், அது மட்டும் முதலிலேயே சரியாக இருந்தது.