பீட்ரூட் ஊறுகாய் பாட்டில் 'புஸ்' என்றது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

உடுமலைக்காரி:
சந்தையில் மலிவு என்று வீட்டுக்காரர் பத்து கிலோ பீட்ரூட் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு. மூன்று நாள் பொரியல், ஒரு நாள் அல்வா. அதற்கு மேல் அவரே தட்டைத் தள்ளினார். சரி, ஊறுகாய் போடலாம் என்று வேகவைத்து நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், காய்ச்சிய நல்லெண்ணெய். மாங்காய்க்குப் போடுகிற அதே கைப்பக்குவம்தான். புளிப்பு எதுவும் சேர்க்கவில்லை, மேலே எண்ணெய் மிதந்தால் போதும் என்று நினைத்தேன். பாட்டில் வெளியே அலமாரியில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்றது. மோர்க்குழம்பு நுரை கட்டும்போது வருமே, அந்த மாதிரிக் குமிழ்கள் எண்ணெய்க்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கெட்ட வாடை துளியும் இல்லை. விரலால் தொட்டு நாக்குக்குக் கொண்டு போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் பால்காரர் கூப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மனசு வரவில்லை, கொட்டிவிட்டேன். ஆனால் அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாடிவீடு:
இதற்கா கொட்டினீர்கள்? லேசாகப் புளித்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லா ஊறுகாயும் வெறும் எண்ணெயில்தான், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சின்னச்சட்டி:
மாடிவீடு சகோ, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். மாங்காயும் எலுமிச்சையும் தானே புளிப்பு. பீட்ரூட்டில் அந்தப் புளிப்பு கிடையாது. மண்ணில் விளையும் கிழங்கு வேறு. அதோடு ஒட்டி வருவது பாட்டுலினம், சாப்பாட்டில் உயிருக்கே ஆபத்தான விஷத்தை உண்டாக்கும் கிருமி. அதன் விதை சாதாரணக் கொதியில் சாகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று இருக்காது, அதற்கு வேண்டியதும் அதுதான். விஷம் சேர்ந்தாலும் வாசனையில் தெரிய வேண்டும் என்றில்லை. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால்தான் அது வளராது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஆகவே 5 சதவீத வினிகர் வாங்குங்கள், தண்ணீர் கலந்தால் வினிகர் அளவுக்கு மேல் போகவேண்டாம், துண்டுகள் முழுக்க மூழ்கட்டும், ஃபிரிட்ஜில் வையுங்கள். புளி, எலுமிச்சை எல்லாம் ருசிக்கு நல்லது, ஆனால் எவ்வளவு விட்டால் போதும் என்று கண்ணால் அளக்க முடியாது. அந்த மாதிரிப் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். வினிகர் பிடிக்காதவர்கள் வேகவைத்துத் தோலுரித்து, துண்டு போட்டு ஃப்ரீசரில் போட்டுவிடலாம். பொரியலுக்கு அப்படியே எடுக்கலாம், கொஞ்சம் குழையும்.

என் அனுபவம்? சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்று போட்டேன். சிவப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது.

கோத்தகிரி மருமகள்:
கல்யாணமான புதிது. தலையையும் வாலையும் ஒட்ட வெட்டி, தோலையும் சீவிக் குக்கரில் போட்டேன். திறந்தால் தண்ணீர் கருஞ்சிவப்பு, கிழங்கு வெளிறிப்போய்க் கிடக்கிறது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரை டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார். "கிழங்கு இதுலதான் இருக்கு, குடி."

அப்புறம் அவரே காட்டிக்கொடுத்தார். வாங்கி வந்ததும் இலையைத் திருகி எடுத்துவிட வேண்டும், விட்டால் கிழங்கின் ஈரத்தை இழுத்து வாட்டிவிடும். இரண்டு விரல் தண்டும் வாலும் அப்படியே இருக்கட்டும். தோலோடு வேகவைத்தால், ஆறியதும் தேய்த்த தேய்ப்பில் கழன்று வரும். இலை அன்றைக்கே பருப்போடு கடையலாகிவிட்டது. அந்த டம்ளரை மட்டும் மறக்க முடியவில்லை.

இரவுப்பணி:
நம் கதை வேறு. ஞாயிறு மதியம் பீட்ரூட் சாதம். இரவு பத்தரைக்கு நாலு வயதுப் பையன் கழிவறையிலிருந்து "அப்பா, ரோஸ் கலர்!" என்று கத்துகிறான், சந்தோஷமாக. நான் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மதியம் என்ன சாப்பாடு? பீட்ரூட் சாப்பிட்டால் பத்துப் பேரில் ஒருவருக்காவது சிறுநீர் இப்படிப் போகுமாம், ஒன்றும் செய்யாதாம். பைக்கில் திரும்பும்போதுதான் கவனித்தேன், ஒரு காலில்தான் செருப்பு.

மாடிவீடு:
சின்னச்சட்டி, மாங்காயை மனதில் வைத்துத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட்டில் நாங்கள் ஊறுகாய் போட்டதில்லை.

உடுமலைக்காரி:
போட்டதில்லையா! சரி விடுங்கள். வினிகர் வாங்கி வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் இப்போதுதான் பையோடு சந்தைக்குக் கிளம்பினார். வாழைக்காய் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்.