சுருட்டின் 'டிரா': இழுவையா, இழுப்பா, வரத்தா?

> சுருட்டில் 'டிரா' என்பதற்கு 'இழுவை' என்றே வைத்துக்கொள்ளலாமே. அகராதிப்படி சரியாகத்தான் வருகிறது.

வணக்கம்.

நம் சுருட்டுக் கலைச்சொல் பட்டியலில் ஆங்கில 'டிரா'வுக்கு, அதாவது இழுக்கும்போது சுருட்டில் புகை வரும் தன்மைக்கு, இழுவை வேண்டாம் என்பேன். இயற்பியல்காரர்கள் அதைக் காற்றின் எதிர்விசைக்கு எடுத்துக்கொண்டு நாளாகிறது. போதாததற்கு, ஒரு படம் 'இழுவை' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். 'இழுப்பு' பரவாயில்லை, "ரெண்டு இழுப்பு இழுத்தான்" என்று எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அது புகைப்பவரின் செயல். (எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் பாட்டியின் ஆஸ்துமா.) நாம் பெயர் தேடுவது சுருட்டின் குணத்துக்கு: வாயில் வைத்து இழுக்கும்போது புகை தாராளமாக வருகிறதா, முரண்டு பிடிக்கிறதா?

அதனால் 'புகைவரத்து'. அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து மாதிரி. "இந்தச் சுருட்டில் வரத்தே இல்லை" என்று பேச்சிலும் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் உறுத்தவில்லை.

இந்தச் சொல் அதிகம் தேவைப்படுவது மலிவுச் சுருட்டுக்குத்தான். கையால் சுற்றிய நல்ல ஹவானாவில் (கியூபாச் சுருட்டு) முழு இலைகளை நீளவாக்கில் மடித்து உள்ளே வைப்பார்கள். மடிப்புகளுக்கு இடையே புகைக்கு வழி கிடைக்கும், சாம்பலும் ஓர் அங்குலம் உதிராமல் நிற்கும். மலிவானதில் உள்ளே இருப்பது நறுக்கும் உதிரியும். தளர்வாக நிரப்பியிருந்தால் காற்று நிறையப் புகுந்து மளமளவென்று எரியும், புகை சூடேறிக் கசக்கும். இறுக்கி நிரப்பியிருந்தால் கன்னம் ஒட்ட இழுத்தாலும் பலன் இல்லை, தீயும் அடிக்கடி அணையும். போன வாரம் பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கினேன். ஒரே கட்டில் இரண்டு வகையும் இருந்தன! பற்றவைக்கும் முன்பே வெறுமனே ஒருமுறை இழுத்துப் பார்த்தால் பாதி தீர்ப்பு தெரிந்துவிடுகிறது. நம் நாட்டுச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்தே இருப்பதால் வெட்டக்கூட வேண்டாம்.

வரத்து என்பது அளவைத்தானே சொல்கிறது, தடையைச் சொல்லவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் 'வரத்து மிகை', 'வரத்துக் குறைவு', 'வரத்து அடைப்பு' என்று முன்பின் சேர்த்தால் மூன்று நிலையும் வந்துவிடுகிறது. தனியாகத் தடைக்கு ஒரு சொல் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இலைகள். 'ஃபில்லர்' உள்ளிலை, 'ராப்பர்' மேலிலை, சரி. இரண்டுக்கும் நடுவே இருந்து உள்ளிலையைக் கட்டிப்பிடிக்கும் 'பைண்டர்'தான் தகராறு. பட்டியலில் 'கட்டிலை' என்று போட்டிருக்கிறார்கள். "கட்டிலைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் தச்சரைத்தான் கூப்பிடுவார்கள். 'நடுவிலை' என்றால் அது நடு விலை ஆகிவிடும். நான் தோற்றுப்போனேன்.

புகையிலைத் தூளையும் பசையையும் சேர்த்துக் காகிதம் போலத் தகடாக்கி, மலிவான இயந்திரச் சுருட்டுகளுக்கு உள்ளே சுற்றுகிறார்களே, அதற்கு மட்டும் ஒன்று கிடைத்தது: 'கூழிலை'. காகிதக்கூழ் தெரிந்தவருக்கு விளக்கம் வேண்டாம்.

ஆங்கிலக்காரர்கள் நம் சுருட்டை வாங்கி 'செரூட்' ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சுருட்டின் உறுப்புகளுக்கு நாம் மேசையில் உட்கார்ந்து பெயர் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். உறையூரிலோ யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலோ சுற்றியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அந்த நடு இலையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.