மீடியேட்டர், ஃபெசிலிட்டேட்டர்: இரண்டுக்கும் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

நாகர்கோவிலிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஊர்க் கமிட்டிக்காரர்களுக்கும் மகளிர் குழுத் தலைவிகளுக்கும் ஒரு பயிற்சிக் கையேடு எழுதுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கால்வாயின் கடைசிப் பகுதியான கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை, கடலில் வலை அறுந்துவிட்டது என்று வருகிற சண்டைகளைப் பேசித் தீர்த்துவைக்கப் பழக்குகிற பயிற்சி. மீடியேட்டர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இரண்டு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர வழி செய்வார், தேவைப்பட்டால் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார், அங்கே கேட்டதை அவர்கள் சம்மதம் இல்லாமல் இங்கே வந்து சொல்ல மாட்டார். ஃபெசிலிட்டேட்டருக்குச் சண்டையே தேவையில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் பேச இடம் கிடைக்கிறதா, பேச்சு எங்கேயாவது இழுத்துக்கொண்டு போகிறதா என்று பார்த்துக்கொள்பவர். வரைவில் 'நடுவர்' என்று போட்டோம். படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் பட்டிமன்ற நடுவரைத்தான் நினைக்கிறார்கள்.

குழித்துறையிலிருந்து, வழக்கறிஞர்:
நடுவர் வேண்டவே வேண்டாம் சார். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் வரும் ஆர்பிட்ரேட்டரை நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் தன் சமரச மையத்தைத் தொடங்கியதிலிருந்து 'சமரசம்' என்ற சொல் கட்சிக்காரர் வாயில் நன்றாகவே புழங்குகிறது. 2023-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தாச்சு. 'சமரசர்' என்று போடுங்கள், வேலை முடிந்தது.

தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, சமரசம் வடசொல். இந்த வேலைக்கு நம்மிடம் சொல் இல்லையா? தொல்காப்பியக் கற்பியலைப் பாருங்கள். ஊடலில் பிரிந்திருக்கும் தலைவனையும் தலைவியையும் சேர்த்துவைக்கத் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கிக் கண்டோர் வரை 12 பேரைச் சொல்லி, அவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயரும் வைத்திருக்கிறார். வாயில் என்பதே இல்வாய் முன்பின்னாக மாறிய இலக்கணப் போலி. இல்லத்தின் வாய், உள்ளே போகவும் வெளியே வரவும் உள்ள வழி. பேச்சு நின்றுபோன இடத்தில் வழி திறப்பவர் வாயிலர். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?


கொளச்சலிலிருந்து:
ஐயா, மன்னிக்கணும், அந்தப் பாணன் தலைவன் அனுப்பி வந்தவன். தலைவனுக்காகப் பேசுகிறவன். அதனால்தானே தோழி அவனை உள்ளே விடாமல் வாயில் மறுக்கிறாள்? ஒரு பக்கத்து ஆளை எப்படி ஐயா இந்த வேலைக்குப் பெயராக வைப்பது? இலக்கியத்திலிருந்துதான் வேண்டும் என்றால் கோவூர் கிழாரைப் பாருங்கள், புறநானூறு 45. சோழன் நெடுங்கிள்ளி உறையூருக்குள் அடைந்து கிடக்கிறான், அதே குலத்து நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நிற்கிறான். யார் பக்கம் நியாயம் என்று புலவர் ஆராயவே இல்லை. உன் கண்ணியும் (தலைமாலையும்) சோழர் பூவான ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே', யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குலம்தான் என்கிறார். சண்டை அப்படியே இருக்க, அதைப் பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றிவிடுகிறார். நம் பயிற்சியில் ஆட்களுக்குப் படியக் கஷ்டப்படும் திறமை இதுதான்.

ஆனால் சொல்லைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் கரையில், கரையில் நின்று வலை இழுக்கும் கரைமடிக்காரருக்கும் படகில் போகும் வள்ளக்காரருக்கும் தகராறு வந்தால் 'ஒத்துதீர்ப்பு பேசியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். விளவங்கோடு பக்கமும் அதே சொல்தான். 1982-ல் மண்டைக்காட்டு மதக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் அமைதிப் பணிக்கு இங்கே வந்தாரே, தீர்ப்புச் சொல்லவா வந்தார்? ஒத்துப்போக வைக்க வந்தார். ஒத்துதீர்ப்பாளர் என்று போடுங்கள்.

தக்கலையிலிருந்து:
அது மலையாளம் அம்மா. மேலும் 'தீர்ப்பு' என்றாலே நீதிபதி வந்துவிடுகிறார், அதைத்தானே தவிர்க்கிறோம்? கோவூர் கிழாரும் 'குடிப்பொருள் அன்று நும் செய்தி', உங்கள் செயல் குலத்துக்குத் தகாது என்று இருவரையும் கடிந்துதான் சொல்கிறார். உங்கள் கையேட்டின்படி நடுவில் இருப்பவர் கடியலாமா?

கொளச்சலிலிருந்து:
கடியக்கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒத்தலும் தீர்தலும் எந்த மொழி ஐயா? 1956-ல் கேரளத்துக்கும் நமக்கும் எல்லை போட்டபோது சொற்களையும் அளந்தா பிரித்தார்கள்? நோய் தீர்வதும் கடன் தீர்வதும் நீதிபதியாலா? ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல்லைக் கொடுத்தால் முதல் பாடத்தை விளக்குகிற நேரம் மிச்சமாகும். வலை அறுந்தவன் கோபத்தோடு வந்து நிற்கும்போது அவனுக்கு இலக்கணப் போலி உதவாது.

மார்த்தாண்டத்திலிருந்து:
யாரும் 'மத்தியஸ்தர்' பற்றிப் பேசவில்லையே. இலங்கையில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகளே இருக்கின்றன, தமிழில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம் மாவட்டத்தில் மட்டும் ஒரு தயக்கம். 'தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே' என்று சபையில் கேட்டு வளர்ந்தவர்கள் கமிட்டித் தலைவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்க யோசிப்பார்கள். நானும் யோசிப்பேன்.

நாகர்கோவிலிலிருந்து:
நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது. வழக்கறிஞர் ஒருவர், மார்த்தாண்டம் ஒருவர், எங்கள் குழுவில் இருவர் என்று 'சமரசர்' பக்கம் ஆள் கூடுதல். அட்டையில் அது போகிறது. பாடங்களுக்குள் 'ஒத்துதீர்ப்பு பேசுதல்' என்றே வரும், என் மனசுக்கும் அதுதான் சரி. ஃபெசிலிட்டேட்டருக்கு ஒன்றும் அமையவில்லை. 'நெறியாளர்' என்றால் தொலைக்காட்சி விவாதம், 'கூட்ட நடத்துநர்' என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர், 'ஏதுவாளர்' யாருக்கும் புரியவில்லை. இந்தப் பதிப்பில் 'கூட்டத்தை வழிநடத்துபவர்' என்று நீட்டி எழுதிவிட்டோம்.

தக்கலையிலிருந்து:
தம்பி, அட்டையில் சமரசர் என்று வருவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்கு வாயிலரைத் திரும்பக் கொண்டுவருவேன். கூட்டத்தை வழிநடத்துபவருக்கும் அதே சொல் பொருந்தும், அவர் எந்தப் பக்கத்து ஆளும் இல்லையே. கொளச்சல் அம்மா இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?